ஓசைக்கு ஒரு நீதி, கைக்கு ஒரு நீதியா?

ஓசைக்கு ஜாதியுண்டா என்று கேட்டால், இல்லையென்று சொல்லாதவர் நம்மில் இலர். அவ்வோசையை எழுப்பும் கைக்கு ஜாதியுண்டா என்று கேட்டாலோ, பலர் வாய்மூடிக்கொள்வர். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

1939ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் மேரியன் ஆண்டர்சன் என்னும் பாடகிக்கு ஒரு பெருமண்டபம் மறுக்கப்பட்டது. ஐரோப்பா புகழ்ந்த குரல் அவருடையது; கறுப்பினத்தில் பிறந்ததே அம்மையார் செய்த குற்றம். அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாட, ஏறத்தாழ 75,000 மக்கள் வெட்டவெளியில் நின்று கேட்டனர். இதைப் படித்து வெள்ளையரின் நிறத்திமிரைக் கடிவது நமக்கு எளிது. நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிட்டுக் கடிவதே முறை.

மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் வேண்டும். அத்தோலைப் பதமாக்கி வாத்தியமாக்குவோருள் பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த கிறிஸ்தவர். வாசிக்கும் வித்துவானின் பெயரை ஊரறியும். செய்தவர் பெயரை அறிந்தோர் சிலரே. இவர்கள் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் நூலாக்கியபோது, வெளியீட்டு விழாவுக்கு இடமளித்த சென்னைக் கலாக்ஷேத்திரம் பின்னர் அவ்வனுமதியைத் திரும்பப் பெற்றது.

பறையின் கதை இன்னும் சிக்கலானது. சாவு வீட்டில் பறையடிப்பது பிறப்பினால் வந்த கடமையென்று கிராமங்கள் விதித்தன. அவ்விழிவை உதற, "இனி அடியோம்" என்று பறையைக் கைவிட்டோர் உண்டு. அதே பறையைக் கலையாக மேடையேற்றியோரும் உண்டு. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவ்விரு சாராருள் யார் செய்தது சரி? இருவர் செய்ததும் சரியே என்போம். கட்டாயத்தால் அடிப்பது அடிமைத்தனம். விரும்பி அடிப்பது கலை. மறுக்கும் உரிமையில்லாதவனுக்கு நாம் அளிக்கும் பாராட்டு, பேரேட்டில் எழுதிவிட்டுக் கையில் கொடாத கூலியைப் போன்றது. ஒருவருக்கு விருது கிடைத்ததனால் ஊர் திருந்திவிட்டதென்று எண்ணுவதும் பேதைமை.

பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் காவடிக்கு முன்னே உறுமி முழங்கக் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். அவ்வுறுமியை அடித்த இளைஞன் நாளை நம் வீட்டில் பெண் கேட்டு வந்தால், அவன் குணத்தை விசாரிப்போமா, அல்லது அவன் பாட்டனார் இந்தியாவில் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிப்போமா? நம் முன்னோர் கப்பலேறியபோது ஜாதியையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தனர். அம்மூட்டையை இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் நாமே. தோட்டத்துத் தோழர்களும் நகரத்துத் தோழர்களும் தத்தம் வீட்டிலே இக்கேள்வியைக் கேட்டு, விடையையும் அங்கேயே சொல்வார்களாக.