முத்துப்பாரும் நிபுணர்களும்

மன்னார்க் கடலின் முத்துப்பார்களுக்கு வைத்தியம் சொன்னவர்கள் அநேகர். 1857இல் டாக்டர் கெலார்ட் ஆராயத் தொடங்கினார். 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியாயிற்று. உடன் வந்த ஹோர்னெல் இங்கேயே தங்கினார்.

இதில் ஒரு வேடிக்கை. சிப்பியைத் தின்னும் திருக்கை, பாருக்குப் பகை. ஆனால் அதே மீனின் வயிற்றில் வளரும் நாடாப்புழுவின் குஞ்சே முத்துக்குக் கரு என்று ஹேர்ட்மன் கருதினார். மீனை ஒழித்தால் சிப்பி மிஞ்சும், முத்து இராது! (இக்கொள்கை பின்னர் ஐயத்துக்கு உள்ளானது வேறு கதை.)

1906இல் அரசாங்கம் பார்களை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907ஆம் ஆண்டுச் சலாபத்தோடு சிப்பி வற்றியது. கம்பனியும் கலைந்தது.

நிபுணர்களே கெடுத்தார்கள் என்பது நியாயமாகாது. பார்கள் அதற்கு முன்னரும் பலமுறை வெறுமையாகிக் கிடந்தவைதான். ஆனால் யாரைக் கேட்பது? ஆராய்ந்தவர், "யோசனை சொன்னேன்" என்பார். அரசாங்கம், "குத்தகைக்கு விட்டோம்" என்னும். கம்பனி, "கடல் ஏமாற்றிவிட்டது" என்னும். எவர் சொல்வதும் பொய்யல்ல. சிப்பியில் மூன்றிலொரு பங்கை நம்பிக் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மரிச்சுக்கட்டிக்கு வந்த குளியாளிக்குத்தான் பதில் சொல்ல ஆளில்லை.

நம் ஊர் மண்டபம் கட்டும் கூட்டத்திலும் யோசனைக்குப் பஞ்சமில்லை, அன்பர்களே. எல்லாம் நல்ல யோசனைதான். மாரியில் கூரை ஒழுகும்போது எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே கேட்டு, ஒரு பெயரை எழுதி வைப்போமா?