கண்கட்டிக் கொடுக்கும் வாக்கு

பிறீமேசன் சங்கம் என்றதும் உங்களுக்கு மண்டையோடும் மர்மச் சடங்கும் நினைவுக்கு வரலாம். அவற்றைச் சற்றே ஒதுக்கிவிட்டு இசைமேதை மோசார்ட்டைப் பாருங்கள்.

அவர் கத்தோலிக்கர். 1784 டிசம்பரில் வியன்னாவில் அச்சங்கத்திற் சேர்ந்தார். பாப்பரசர் 12ஆம் கிளமெந்து 1738இலேயே அதைத் தடுத்திருந்தார். ஆனால் ஆஸ்திரியாவில் அக்கட்டளை பிரசித்தப்படுத்தப்படவில்லை. அங்கே பிரபுவும் வாத்தியக்காரனும் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்றே அழைத்தனர். மோசார்ட் கடனில் தவித்தபோது கைகொடுத்தவரும் புக்பேர்க் என்ற சங்கத்துச் சகோதரரே. (நம் பங்குகளில் கடன்பட்டவனுக்கு யார் கைகொடுக்கிறார்? அது வேறு கதை.) 1791 ஜூனில் நற்கருணை ஆண்டவருக்கு ஒரு கீதம் இயற்றினார், நவம்பரில் சங்கத்துக்கும் ஒன்று.

அப்படியானால் பிழை எங்கே? உதவி செய்வதில் அல்ல. புதிதாய்ச் சேருபவன் கண்கட்டப்பட்டு உள்ளே போகிறான். இன்னும் அறியாத இரகசியத்தைக் காப்பதாக முன்கூட்டியே சத்தியம் செய்கிறான். கடவுள் அங்கே 'பிரபஞ்சத்தின் மகா சிற்பி'. அவர் யாரென்று அவரவர் விருப்பப்படி கொள்ளலாம். மார்க்க வாதம் கூடாது. வாயை மூடியிருப்பது மறுதலிப்பாகுமா என்று கேட்பீர்கள். ஒரு மாலைக்கு ஆகாது. ஆண்டுக்கணக்காய் அப்படிப் பழகியவனுக்கோ, கிறிஸ்து பல வழிகளில் ஒருவராகவே தோன்றத் தொடங்குவார்.

1983இன் புதிய திருச்சபைச் சட்டம் அச்சங்கத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பிடாததால், தடை நீங்கியது எனச் சிலர் மகிழ்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் திகதியே கர்தினால் ராட்சிங்கர் அதைத் திருத்தினார். 2023இலும் வத்திக்கான் அதையே உறுதிசெய்தது: சேர்ந்திருக்கும் கத்தோலிக்கர் நற்கருணை வாங்கலாகாது.