சுடலைக் கள்ளியும் சார்ந்ததன் வண்ணமும்

(மூலக்கொத்தளத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரைக்காலம்மையார் திருவாலங்காட்டில் அருளிய மூத்த திருப்பதிகங்கள் பதினோராந் திருமுறையுள் வைத்து ஓதப்பெறுவன. அவற்றுள் அம்மையார் காட்டும் அரங்கு பொன் வேய்ந்த மன்றமன்று, எரிந்தடங்கிய சுடலை. அங்கு நிற்பனவற்றுள் ஒன்று கள்ளி. மயானத்தை மருங்கிலேயுடைய இம்மூலக்கொத்தளத்தில் அக்கள்ளியைப் பற்றிச் சில கூறுதல் பொருந்துமென எண்ணினேன். அதற்கு முன் அடியேனது பிழையொன்றை வெளியிடக் கடமைப்பட்டுள்ளேன்.

மாணாக்கர்க்கு அப்பதிகத்தைப் பாடஞ் சொல்லுங்கால் அக்கள்ளியைச் சப்பாத்திக்கள்ளி என்றே பல்லாண்டு உரைத்து வந்தேன். கடற்கரை மணலிலும் வேலியோரத்திலும் அதனையே கண்டு பழகிய கண் அவ்வாறு கொண்டது. அது தவறு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்க நிலத்துக்குரியது. 1492-ல் கொலம்பசு அந்நிலப்பக்கத்தை அடைந்த பின்னரே கப்பலேறிப் பிற நாடு புகுந்தது. அம்மையார் காலமோ அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. ஆகலின், அவர் கண்டது இந்நாட்டுக்கே உரிய சதுரக்கள்ளி முதலிய பாற்கள்ளியினமே ஆதல் வேண்டும். ஒடித்தாற் பால் வடிவது அது, சப்பாத்திக்குப் பாலில்லை. தாவர நூலார் சதுரக்கள்ளியை ஆமணக்கின் குடும்பத்தில் வைப்பர். சப்பாத்தியை முற்றும் வேறாகிய குடும்பத்தில் வைப்பர். எம்பால் அவ்வாறு பாடங்கேட்டோர் இதனைத் திருத்திக்கொள்க.

பிழை நீங்கிய விடத்து ஒரு வியப்புத் தோன்றிற்று. கடல் இடையிட்ட இரு வேறு நிலத்தே பிறந்த இருகுடிச் செடிகள் ஒரு வடிவினவாயது எங்ஙனம்? இரண்டும் இலையை ஒழித்தன. தண்டே பசுமை பூண்டு இலையின் தொழிலைச் செய்கின்றது. இரண்டும் உள்ளே நீரைத் தேக்கிப் புறத்தே முள்ளை நிறுத்தின. இரண்டும் பகல் வெப்பத்தில் நுண்டுளைகளை அடைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து காற்றை ஏற்கின்றன. குடி வேறாயினும் சார்ந்த வறட்சி ஒன்றாகலின் வடிவமும் ஒன்றாயிற்று.

இதுவன்றோ உயிரிலக்கணம்! உயிர் தனித்து நில்லாது, சார்ந்ததன் வண்ணமாம். அசத்தைச் சாரின் அசத்தேபோல நிற்கும். சத்தைச் சாரின் அதன் வண்ணமாம். இதுபற்றியே சிவஞானபோதம் ஏழாஞ் சூத்திரத்து உயிர் சதசத்தெனப்பட்டது. முன்னோர் இதற்குப் பளிங்கினை உவமை காட்டினர். கள்ளியும் அவ்வுவமை வரிசையில் நிற்கத் தகும். ஆயினும் இஃது ஒருபுடை உவமையே. கள்ளி வழிவழியாகப் பல தலைமுறையில் அவ்வடிவெய்திற்று. உயிரோ தானொன்றேயாய் நின்று பிறவிதோறும் சார்புக்கேற்ப நிற்பது.

ஈண்டு ஒருசாரார், "நீர் வார்ப்பாரின்றித் தன் வலியானே நிற்பதன்றோ கள்ளி? உயிரும் அவ்வாறே தன் முயற்சியாற் கரையேறும், அருளென ஒன்று வேண்டா" என்பர். அவர் கள்ளியின் புறத்தை மட்டும் கண்டார். அது தேக்கிய நீர் தானே படைத்ததன்று; வானம் ஒருநாள் பெய்தது. ஏற்றதும் காத்ததுமே அதன் செயல். வட அமெரிக்காவின் சோனோராப் பாலையிற் சகுவாரோ என்னும் பெருங்கள்ளி உளது. நாற்பதடி உயர்ந்து, நூற்றைம்பது ஆண்டினும் மேற்பட வாழ வல்லது. மரங்கொத்தி அதன் தண்டைக் குடைந்து வதியும். அது விட்டகன்ற பொந்திற் சிற்றாந்தை குடிபுகும். இரவில் விரியும் அதன் மலரில் வௌவால் தேனுண்ணும். பலவுயிர்க்கும் புகலிடமாகிய அக்கள்ளி முதல் எட்டாண்டில் ஒன்றரை அங்குலமே வளருமென்பர். அவ்விளமையில் வெயிலும் குளிரும் கொல்லாவண்ணம் பெரும்பாலும் மற்றொரு மரத்தின் நிழலிலேயே அது பிழைக்கின்றது. பாலைக்கு அரசெனத் தோன்றுவதும் ஒருநாள் நிழலை நாடி நின்றதே. பக்குவமுறும் உயிர்க்குக் குருவின் திருவடிநிழல் அத்தகையது.

இன்னுங் கேண்மின். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார், செஞ்சாயந் தரும் பூச்சியை வளர்க்க விரும்பிச் சைதாப்பேட்டையில் இக்கள்ளிக்குத் தோட்டம் வைத்தார். இவ்வினத்துட் சில பின்னர்த் தென்னாட்டு நிலங்களைக் கவர்ந்து படர்ந்தன. வெட்டி எறிந்தால் எறிந்த மடல்தோறும் வேரூன்றி முன்னையினும் பெருகின. 1926-ல் இலங்கையினின்று வருவித்த, வெண்பஞ்சு போர்த்தாற் போன்ற ஒரு சிறு பூச்சி, வாள் செய்யாததைச் செய்தது. பரந்த புதர்கள் வாடி வீழ்ந்தன. தன்முனைப்போடு வினையை அறுக்கப் புகுவான் நிலை முன்னது: "யான் அறுத்தேன்" என்னும் அம்முனைப்பே மீளவும் வினையாய் வேரூன்றும். மலம் பரிபாகமுற்று நீங்குதல், உயிரின் செயலால் அன்று. அதற்கென உடனின்று தொழிற்படும் திருவருட் சத்தியால் என்க.

ஆயின் உயிர்க்கு முயற்சியே இல்லையோ எனின், உண்டு. கள்ளி பகலில் அடைத்து இரவில் திறந்தாற்போல, புலன்வழிகளை அடைக்கவேண்டிய வழி அடைத்தலும், அருள் வருவழி திறந்து நிற்றலும் நம் கடன். சரியை கிரியை யோகங்கள் அதற்கே வகுக்கப்பட்டன.

அன்பர்காள், இப்பகுதியிற் புகையும் இரைச்சலும் நெருக்கமும் மிகுதி, "இங்கிருந்து சிவத்தை எங்ஙனம் நினைவது?" என்று என்னை வினவினார் உளர். அம்மையார் சுடலையினின்று விலகி ஓர் இனிய பொழிலைத் தேடினாரல்லர். இருந்த சுடலையிலேயே திருநடங் கண்டார். அவர் மாற்றியது சார்பு, இடத்தையன்று. கொத்தளமென்பது கோட்டை மதிலின் உறுப்பு. உயிர்க்கு மூலமலமே மூலக்கொத்தளம். அதனை உள்ளிருந்து நாம் இடித்தல் இயலாது. கோட்டைக்கு உடையவன் வருங்கால் கதவு திறந்திருத்தல் ஒன்றே நம்மாலாவது. அதன்பொருட்டு நாளும் திருவைந்தெழுத்தைச் சார்ந்து நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.