வழிப்போக்கர் கடன்

செஞ்சியின் தெருவில் எந்நேரமும் வெளியூர்க்காரர்கள் உண்டு. பௌர்ணமியன்று கிரிவலத்துக்குப் போகும் சென்னைப் பேருந்துகள் திண்டிவனத்தில் திரும்பி இவ்வூரைத் தாண்டித்தான் திருவண்ணாமலையை அடைகின்றன. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் இங்கே இறங்கி ஏறுகிறது. புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் வெளிநாட்டினர் கோட்டை பார்க்க வருகிறார்கள். 2025 ஜூலையில் மராத்தியர் காலக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். வருகை இனிக் கூடும். ஆகவே கூட்டுரோட்டில் ஒருவர் மயங்கிச் சரிந்தால், அதை முதலில் பார்ப்பவர் ஊரும் தெரியாத, மொழியும் தெரியாத ஒருவராக இருக்கலாம். அவருக்கு அங்கே என்ன கடமை?

பெரிய விபத்தாக இருந்தால் இந்தக் கேள்வி எழாது. லாரி மோதினால் கடைக்காரர்கள் ஓடிவருவார்கள், பலர் 108-ஐ அழைப்பார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே இலவசமாகத் தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சங்கடம் சின்னச் சம்பவங்களில் இருக்கிறது. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கிய பெரியவருக்கு வெயிலில் தலை சுற்றுகிறது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும் பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சிக்குகிறது. பேருந்து நிலையத்தில் ஒரு பையனுக்கு வலிப்பு வருகிறது. நிற்காமல் போனாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. குறை சொல்ல ஆளில்லாத இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் இங்கே எடைபோட வேண்டியது.

விலகிப் போகிறவர் சொல்லும் காரணம் தெரிந்ததே: ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், தெரியாத இடத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்? இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய நகரங்களில் தெருச் சண்டைகளைப் படம்பிடித்த 219 கண்காணிப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், பத்தில் ஒன்பது சம்பவங்களில் யாராவது ஒருவராவது குறுக்கிட்டிருந்தார். கூட்டம் பெருகப் பெருக உதவி கிடைக்கும் வாய்ப்பும் கூடியது. கூட்டம் என்றாலே கல் மனம் என்று சொல்வது அவதூறு. செஞ்சியிலும் விழுந்தவர் அருகே தண்ணீர்ப் பாட்டிலோடு யாராவது வந்துவிடுவார்கள்.

ஆனால் வருகிறவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பேருந்து நிலையத்தில் வலிப்பு வந்த அந்தப் பையனையே எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தை அவன் கையில் திணிக்கிறார். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது தலைமுறைகளாக வரும் நம்பிக்கை. இன்னொருவர் கைகால்களை அழுத்திப் பிடிக்கிறார். மூன்றாமவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் பார்க்கிறார். அங்கே, ஐரோப்பாவில் செவிலியாக வேலை பார்த்துவிட்டு இப்போது ஆரோவில்லில் வசிக்கும் ஒரு பெண் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தலைக்கடியில் துண்டை மடித்து வைக்க வேண்டும், கைகாலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கவோ ஊற்றவோ கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் என்ன செய்வது நியாயம்?

சோடாவை அவர் தடுக்கத்தான் வேண்டும். நினைவில்லாதவன் வாயில் ஊற்றும் திரவம் மூச்சுக்குழாய்க்குள் போகும். இதில் உள்ளூர் வழக்கத்துக்கு மரியாதை என்ற பேச்சுக்கே இடமில்லை. சாவிக்கொத்து வேறு. அது வலிப்பை நிறுத்தாது, ஆனால் கையில் கிடக்கும்வரை பெரிய கெடுதலும் செய்யாது. அதைப் பிடுங்கி எறிந்து, மூடநம்பிக்கை என்று கத்தினால் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு பையனை ஒருக்களிக்க அந்தக் கூட்டம் அவரை விடாது. தெரிந்தவருக்கு இரட்டைப் பொறுப்பு: ஆபத்தைத் தடுப்பது ஒன்று, ஆபத்தில்லாததைப் பொறுத்துக்கொள்வது மற்றொன்று. அந்தச் சாவியைத் திணித்த கையும் உதவத்தான் நீண்டது. ஊர் தெரியாது என்பது உதவும் முறையை மாற்றச் சொல்கிறதே தவிர, விலகிப் போக அனுமதி தரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவியவரைச் சிவில், குற்ற வழக்குகளிலிருந்து காக்கிறது. 2020-இல் வந்த விதிகளின்படி, மதம், நாடு, சாதி, பால் என்ற வேற்றுமை பாராமல் அவரை மரியாதையோடு நடத்த வேண்டும். பெயரையும் முகவரியையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் இது வாகன விபத்துக்கு மட்டும். கோட்டைப் படியில் மயங்கியவரைத் தூக்கியவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒருவரது நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது என்ற பழைய தண்டனைச் சட்டக் கொள்கை இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவாகத் தொடர்கிறது; அதை அவர் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டத்தைவிடப் பெரிய தடை சந்தேகம். 2018 மே மாதத்தில், இங்கிருந்து அதிக தூரமில்லாத போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் உடனிருந்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம் அது. கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். இதை அறிந்த ஒரு வடமாநிலத் தொழிலாளி, செஞ்சித் தெருவில் சைக்கிளிலிருந்து விழுந்து அழும் குழந்தையைத் தூக்கத் தயங்கினால், அவரைக் கல்நெஞ்சர் என்று எப்படிச் சொல்வது? உதவினால் அவருக்கு நேரக்கூடிய இழப்பும், கேமராவோடு வந்த சுற்றுலாப் பயணிக்கு நேரக்கூடிய இழப்பும் ஒன்றல்ல. இங்கிருந்து வேலைக்குப் போன இளைஞர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இதே தயக்கத்தோடுதான் நிற்கிறார்கள். அவசர ஆம்புலன்ஸுக்கு 995, அவசரமில்லாததற்கு 1777 என்று சிங்கப்பூரில் எண்கள் தெளிவாகவே உள்ளன. ஆனாலும் போலீஸ் விசாரணை என்றால் முதலாளி என்ன சொல்வாரோ, பெர்மிட் என்னாகுமோ என்ற பயம், ஒரு எண்ணை அழுத்தும் விரலையும் பிடித்து நிறுத்தும். பயத்தில் நின்றவரின் கடன் குறைகிறது. அவரைப் பயப்படவைத்த ஊரின் கடன் கூடுகிறது. குனிந்த அந்நியரைப் பார்த்ததும் முதலில் 'என்னாச்சு' என்று கேட்பது உள்ளூர்க்காரரின் பொறுப்பு. 'யார் நீ' என்ற கேள்விக்கு அவசரமில்லை.

பயந்தவரும், மருத்துவம் தெரியாதவரும், மொழி தெரியாதவரும்கூட வேறொருவர் தலையில் கட்ட முடியாத கடமை ஒன்று மிஞ்சுகிறது: தான் கண்டதைச் சொல்வது. மயங்கிய பிறகு விழுந்தாரா, கால் இடறி விழுந்தாரா? தலை முதலில் பட்டதா, கையா? வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது? செஞ்சி அரசு மருத்துவமனையில் மருத்துவர் கேட்கக்கூடியது இதைத்தான். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்கவும் இது உதவும். கூட்டம் கூடியபின் வந்தவர்களிடம் கதைகள்தான் இருக்கும். முதலில் கண்டவர் சொல்லாமல் போனால் அந்தச் செய்தி அவரோடு போய்விடும். சைகையிலோ கைப்பேசி மொழிபெயர்ப்பிலோ, கூட இருக்கப்போகும் ஒருவரிடம் அதைச் சேர்த்துவிட்டால் அவர் கிளம்பலாம். மருத்துவமனைவரை வர வேண்டும் என்றோ, கிரிவலத்தைக் கைவிட வேண்டும் என்றோ யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குள் பேருந்து ஹாரன் அடிக்கத் தொடங்கினால், இரண்டு நிமிடம் பொறுக்கும்படி ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும் மற்ற பயணிகள்.