பழைய கணினியும் வீண் விரயமும்

படப்பைச் சகோதரர்கள் சிலர் நம்மிடம் கேட்கின்றனர்: 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதே, வீட்டுக் கணினியை மாற்றிவிடலாமா? (டெல் ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே இருக்க, புதியதில் ஆசை பிறப்பது இயல்புதான்.)

மெதுவாக ஓடுவது மட்டுமே குறையானால், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினருக்குச் செப்பனிடுவதில் என்ன வெட்கம்? நல்ல பொருளை ஒதுக்குவதே இஸ்ராஃப்.

ஆனால் டி.பி.எம். 2.0 இல்லாத கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு விடலாம். தொழிலுக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடாதென்றால் புதியது வாங்குவது விரயமாகாது. வட்டித் தவணையில் வாங்குவதுதான் ஆகாது. பழையதை விற்பவர் குடும்பப் படங்களை முற்றிலும் அழித்துவிட்டு, குறைகளை வாங்குபவரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும்.