நெளிவும் நேர்மையும்

பழைய மோட்டார்க் காரின் நெளிவொன்றை அதன் உரிமையாளனே நிமிர்த்திக்கொள்வது ஒழுக்கவியல் ஆராய்தற்குரிய பொருளாகுமா என ஐயுறுவோர் உளர். ஒழுக்கத்தைப் பெருந்தியாகங்களில் மட்டும் தேடுவோர்க்கு இவ்வையம் இயல்பே. ஆயின் மனிதனது நேர்மை, பிறர் கண்படாத இடத்திலேயே பெரிதும் சோதிக்கப்படுகின்றது. வர்ணப் பூச்சின் அடிப்புறம் அத்தகையதோர் இடமாகும்.

இவ்வினா நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இத்தகைய காலங்களில் உள்ள வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுவதற்கு இத்தேவையும் ஒரு காரணமெனலாம். மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் நோக்கி ஏறும் ஒடுங்கிய வளைவுகளில், எதிரே வரும் வண்டிக்கு இடங்கொடுத்து ஒதுங்கும் கார் மண்மேட்டில் உராய்ந்து நெளிவது புதுமையுமன்று.

நெளிவைச் சீர்செய்ய இரு வழிகள் உள. ஒன்று, பின்புறத்தில் இரும்புக் கட்டையைத் தாங்கலாகப் பிடித்து, முன்புறத்தே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தகட்டைப் பழைய நிலைக்குக் கொணர்தல். மொறிஸ் மைனரின் மட்காட்டுகள் ஆணிகளால் பூட்டப்பட்டவையாதலின், அவற்றைக் கழற்றி இருபுறமும் வேலை செய்யலாம். அடிபட்டபோது இறுதியில் எழுந்த விளிம்பு மேட்டை முதலில் தணித்து, நடுக்குழியை இறுதியில் நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டுக் குழியை ஓங்கி அடிப்பின் தகடு நீண்டு புடைக்கும். மற்றைய வழி, குழியைப் பசையால் நிரப்பித் தேய்த்து வர்ணம் பூசுதல். இது எளிது, அன்றே முடிவது. ஆயின் துருவை நீக்காது பூசிய பசையின் கீழே துரு தன் வேலையைத் தொடரும்.

பசையே பொய்யெனக் கூறுதல் பொருந்தாது. நிமிர்த்திய தகட்டின் சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் மெல்லிய பூச்சு தொழிலின் ஓரங்கமே. தகடு இருக்கவேண்டிய இடத்தில் பசை இருந்து, அது தகடென விலைபேசப்படும்போதே பொய் பிறக்கின்றது. வாய் ஒரு சொல்லும் சொல்லாதிருக்கலாம். பளபளப்பே சாட்சி சொல்லிவிடுகின்றது. வாங்குவோன் சிறு காந்தமொன்றை வைத்துப் பார்ப்பின், தடித்த பசையின்மேல் அது ஒட்டாது. செய்யும் தொழிலையும் ஆற்றும் ஒழுக்கத்தையும் வேறுபடுத்திய அரிஸ்டாட்டில், முன்னதன் பயன் செய்பொருளில் உளதென்றும் பின்னதன் பயன் செயலிலேயே உளதென்றும் கொண்டார். நெளிவு நீக்கலில் இவ்விரண்டும் ஒரே கையில் சந்திக்கின்றன.

தானே செய்துகொள்பவன் தகரவேலை செய்வோனின் பிழைப்பைப் பறிக்கின்றான் என்றொரு மறுப்பு எழலாம். இதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. எனினும் கூலி கொடுக்க வசதியற்றவன் தன் உழைப்பால் தன் பொருளைப் பேணுவது எவருக்கும் அநீதியாகாது. அன்றியும், ஒரு நெளிவோடு இருநாட் போராடியவன் தொழிலாளியின் கூலியைப் பேரம்பேசிக் குறைக்கத் தயங்குவான். கைத்தொழிலை இழிவெனக் கருதும் கற்றோர்க்கு இவ்வறிவு மிக வேண்டற்பாலது.

ஆயினும் இவ்வுரிமைக்கு எல்லையுண்டு. மட்காட்டின் நெளிவு உரிமையாளனது அழகுணர்ச்சியைச் சார்ந்தது. அடிச்சட்டமோ தடுப்போ அவ்வாறன்று. மலைச்சரிவில் இறங்கும் வண்டியின் முன்னே நடப்போரின் உயிர் அவற்றைச் சார்ந்துள்ளது. அங்கே அரைகுறை அறிவோடு கைவைத்தல் துணிவாகாது. பிறர் உயிரைப் பணயம் வைத்தலாகும். எனவே தானே செய்பவன் தன் திறமையின் எல்லையை அறிதலும், விற்கும்போது தான் செய்ததை மறைக்காது உரைத்தலும் அவனது இரு கடமைகளாம். இவ்விரண்டும் உளவாயின், கண்ணுக்குப் புலப்படும்படி எஞ்சிய சிறு நெளிவு அவ்வண்டிக்கு இழுக்காகாது.