காயாத வியர்வை

மே மாதத் தாராவியில் வெயிலைவிடக் காற்றுதான் பெரும்பாடு. பாளையங்கோட்டையில் 38 டிகிரி அடிக்கும், ஆனால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். இங்கே 34 டிகிரிதான். ஆனால் கடல் பக்கம் என்பதால் காற்றில் ஏற்கெனவே அவ்வளவு ஈரம். முழங்கை மடிப்பில் வியர்வை தங்குகிறது. தங்கிய இடத்தில் கரப்பான் கிளம்புகிறது.

*

வேர்க்குரு வேறு, கரப்பான் வேறு. வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்தால் வேர்க்குரு. உடம்பு குளிர்ந்தால் அதுவாக அடங்கும். கரப்பானில் தோலின் மேலடுக்கே பலவீனம். உள்ளீரத்தைப் பிடித்துவைக்க அதனால் முடியாது. மேலே வியர்வை வழிந்தாலும் தோல் வறண்டே கிடக்கும். கெட்டியான வாசலினைக் கோடையில் ஒதுக்கிவிட்டு லேசான கிரீமுக்கு மாறிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேர்க்குருவும் சேர்ந்துகொள்கிறது.

*

விடியற்காலை வரும் குழாய்த் தண்ணீர் சில மணி நேரத்தில் நின்றுவிடும். 'அடிக்கடி குளியுங்கள்' என்பது தண்ணீர் உள்ளவர்களுக்கான யோசனை. எனக்கு ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய வேட்டிக் கிழிசலும். நனைத்துப் பிழிந்து மடிப்புகளில் ஒற்றுகிறேன், தேய்ப்பதில்லை. ஈரம் முழுக்கக் காய்வதற்குள் கிரீம்.

*

தகரக் கூரையின் கீழ் நள்ளிரவு தாண்டியும் சூடு அடங்குவதில்லை. அரிப்பு மெல்ல ஏறுகிறது. கையை அசைக்காமல் கவனித்தால் ஒரு கட்டத்தில் தானே இறங்குகிறது, சில இரவுகளில். சொறிவது எவ்வளவு பெரிய சுகம் என்பதை மட்டும் எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வதில்லை.

*

தோல் பட்டறைப் பையன் ஒருவன் படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டியூபைக் காட்டினான். ஸ்டீராய்டு கலந்தது. சிவப்பும் அரிப்பும் இரண்டே நாளில் மறையும், பூஞ்சை அதுபாட்டுக்குப் பரவும். 2018-இல் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி மாற்றியது. சயான் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான், போய்க் காட்டு என்றேன். அரை நாள் கூலி போகுமே என்றான். அதற்கு என்னிடம் பதிலில்லை.

*

மாட்டுங்கா மார்க்கெட்டில் நுங்கு வந்துவிட்டது. "நுங்குத் தண்ணியத் தேச்சு விடுல, குளுந்துரும்" என்கிறார் எதிர்வீட்டு ஆச்சி. வேர்க்குருவுக்குச் சரி. வெடித்த கரப்பான்மேல் எதையும் தேய்க்க மனம் வரவில்லை. வாங்கிய நுங்கை ஆச்சியும் நானுமாகத் தின்று தீர்த்தோம்.